ஆறு மேட்ச் நின்ன லைன்

உக்காரு தம்பி. அந்தக் கேன் மேலயே உக்காரு, ஒண்ணும் ஆவாது, காலி கேன்தான். நானே டெய்லி அதுமேலதான் உக்காருவேன். தம்பின்னு கூப்டலாம்ல? பேப்பர்காரங்கள சார்னு கூப்டணும்னு எங்க கோச்சு சொல்வாரு. உன்னப் பாத்தா என் மச்சான் பையன் மாதிரி இருக்க, வாயில சார் வர மாட்டேங்குது.

இன்னா கேட்ட? திரும்பச் சொல்லு. "இந்தச் சின்னப் பசங்க டிஃபென்ஸ் சீசன் முழுக்கத் தாக்குப் பிடிக்குமா?" இதானே? நல்ல கேள்விதான். ஆனா நீ ஒரு மாசம் லேட்டு. போன மாசம் வந்திருந்தா இந்த டீக்கடைல நிக்கற அத்தினி பேரும் இதே கேள்விய உன்கிட்ட கேட்டிருப்பான். இப்ப யாரும் கேக்கறதில்ல. டீ சொல்லட்டா? வேணாமா, சரி.

தாக்குப் பிடிக்கலப்பா. அவ்ளோதான் பதிலு, எழுதிக்கோ. ஆறு மேட்ச்ல ஒரு கோல் கூட வாங்கல. ஏழாவதுல ஒண்ணு. அதுக்கப்பறம் மூணு மேட்ச்ல எட்டு. நான் மொதல்லேருந்து சொல்லிகினுதான் இருந்தேன். பாப்போம், பாப்போம்னு சொல்லிகினு இருந்தேன். யாரும் காதுல வாங்கல.

என் பேரு எபினேசர். எல்லாரும் எபின்னுவாங்க. கன்னிகாபுரம் ராக்கெட்ஸ் ஃபுட்பால் டீம்ல பதினாலு வருஷமா ஸ்டாப்பர். ஸ்டாப்பர்னா தெரியும்ல? கீப்பருக்கு முன்னாடி நட்டநடுவுல நிக்கறவன். அவனத் தாண்டிட்டா அப்பறம் கீப்பரும் கடவுளும்தான். வயசு முப்பத்தாறு. பொழப்புக்குத் தண்ணி கேன் போடறேன். தோ நிக்குதே, அந்த மூணு சக்கர மீன்பாடி வண்டி என்னோடதுதான். லிஃப்ட் இல்லாத நாலு மாடி, அஞ்சு மாடில்லாம் ஏறி எறங்குவேன். முட்டி போனது அதுலதான், ஆட்டத்துல இல்ல. அத்தக் கொஞ்சம் தெளிவா எழுது.

என் ஆட்டமே என் கொரலுதான். நான் கத்துனா அந்தாண்ட ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்கும். பின்னாடிலேருந்து மொத்த டீமையும் கத்தியே நடத்துவேன். டிஃபென்ஸ்னா அதான் தம்பி. பேசணும். வாய மூடிகினு ஆடறதுக்குப் பேரு டிஃபென்ஸ் இல்ல.

போன மே மாசம் முட்டி வீங்கிப்போச்சு. தண்ணி கோத்துகிச்சுன்னாங்க. ரெண்டு மாசம் உக்காருன்னாங்க. உக்காந்தேன். ஜூன்ல லீக் ஆரம்பிக்குது, பழைய ஸ்டாப்பர் இன்னொருத்தன் கல்ஃபுக்குப் போயிட்டான். தணிகாசலம் அண்ணன் இன்னா பண்ணுவாரு, பாவம்? எங்க கோச்சு அவருதான். வேற ஆளே இல்லாம நாலு பொடிப் பசங்கள பின்னாடி நிக்க வச்சாரு. டில்லிபாபு, யாசின், ரீகன், சரத். பெரியவன் டில்லிக்கே பத்தொம்போதுதான். யாசினுக்குப் பதினேழு. அந்த யாசின் பையனுக்கு மீசை கூட ஒழுங்கா வரல.

இதுல ஒரு விஷயம் சொல்லணும். டில்லிக்குக் காது கேக்காது. கொஞ்சம் கூடக் கேக்காது. பொறந்ததுலேருந்தே அப்டித்தான். பேச்சும் வராது. ஃபோன்ல அடிச்சுக் காட்டுவான், இல்லன்னா கைல சொல்வான். நல்ல பையன், ஒரு வம்பு தும்பு கெடையாது. அவனப் போயி டிஃபென்ஸுக்கு நடுவுல நிக்க வச்சாரு அண்ணன். நான் அன்னிக்கே சொன்னேன். "அண்ணே, காது கேக்காதவன நடுவுல வச்சா யாரு பேசறது, யாரு கேக்கறது?" அவரு சொன்னாரு, "எபி, அவனுங்க நாலு பேரும் அஞ்சு வயசுலேருந்து இதே கிரவுண்டுல ஒண்ணா ஆடறானுங்க. பேசி நான் பாத்ததில்ல. பாத்துப்பானுங்க." பாத்துப்பானுங்களாம்.

பாத்துகினானுங்க, அதச் சொல்லணும். நீ எழுதறதுக்காகச் சொல்றேன், எப்டின்னு கேளு. மத்த மூணு பேரும் ரோடு தாண்டற மாதிரி தலைய இப்டியும் அப்டியும் திருப்பிகினே இருப்பானுங்க. டில்லி எங்க நிக்கறான், அவன் கை எங்க இருக்குன்னு பாத்துகினே இருப்பானுங்க. எதிராளி பந்த முன்னாடி தள்ளப்போறான்னு டில்லிக்கு எப்டியோ தெரிஞ்சுடும். எடது கைய இடுப்புகிட்ட லேசாத் தூக்குவான். அவ்ளோதான். நாலு பேரும் ஒரே நேரத்துல ரெண்டடி முன்னாடி ஏறிடுவானுங்க. எதிராளி ஃபார்வர்டு பின்னாடி தனியா மாட்டிகினு நிப்பான். லைன்ஸ்மேன் கொடியத் தூக்கிடுவாரு, ஆஃப்சைடு, எங்க கடைசி ஆளத் தாண்டி நின்னு பந்து வாங்குனா கோலு செல்லாது. ஒரு சத்தம் இருக்காது. எதிர் டீம்காரனுக்கு எப்ப ஏறறானுங்கன்னே தெரியாது. ஒரு மேட்ச்ல பதினோரு தடவ கொடி போச்சு. எதிர் கோச்சு தலைல கை வச்சுகினு உக்காந்துட்டாரு.

மொத மேட்ச் ஒண்ணுக்குப் பூஜ்யம். ரெண்டாவது ரெண்டுக்குப் பூஜ்யம். மூணாவது பூஜ்யம் பூஜ்யம். இப்டியே ஆறு. ஏரியாவுல ஒரே மெர்சலு. பேனர் வச்சானுங்க, நாலு பேரு மூஞ்சியும் போட்டு. சலூன்ல, கறிக்கடைல, எங்க போனாலும் அதே பேச்சுதான். இது நிக்குமா, கடைசி வரைக்கும் நிக்குமா? கேன் போடப் போவசொல்ல மூணாவது மாடி மாமி கூடக் கேக்குது, "ஏம்ப்பா, உங்க டீம் பசங்க இன்னும் கோல் வாங்கலையாமே?" நான் பாப்போம் மாமின்னேன்.

பொறாமைன்னு நெனக்காத. எனக்கு அதெல்லாம் கெடையாது. ஆனா ஒண்ணு, ஆறு மேட்ச்சும் நான் கோல் போஸ்டுக்குப் பின்னாடி நின்னு பாத்தவன். ரெண்டு தடவ பந்து கம்பில பட்டு வந்துச்சு. ஒரு பெனால்டிய எதிராளியே வானத்துல அடிச்சான். ஒரு மேட்ச்ல மழை. இதெல்லாம் நான் மனசுல கணக்கு வச்சுகினு இருந்தேன். அதிர்ஷ்டத்தையெல்லாம் டிஃபென்ஸ்னு சொன்னா எப்டி? பின்னாடி நின்னு நான் கத்தி கத்திச் சொல்லிக் குடுப்பேன். நாலாவது மேட்ச்ல ரீகன் வந்து, "எபிண்ணா, கோச்சுக்காத, நீ கத்துனா கன்ஃபியூஸ் ஆவுது"ன்னான். சரிடான்னு விட்டுட்டேன். வருத்தமில்ல. சின்னப் பையன்.

இந்த நேரத்துலதான் ஆபீஸ் விஷயம் வந்துச்சு. எந்த ஆபீஸ்னு கேக்காத, பெரிய ஆபீஸ், அவ்ளோதான். அவங்களுக்கு ஒரு டீம் இருக்குது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு ரெண்டு பேர எடுக்கப் போறாங்க, ஏழாவது மேட்ச் பாக்க வராங்கன்னு அண்ணன் சொன்னாரு. டில்லி பேரு லிஸ்ட்ல மொதல்ல இருக்குதாம். அவங்க அம்மா மார்க்கெட்ல மீன் வெட்டுது. அந்தம்மா அண்ணன் கையப் புடிச்சுகினு அழுதுச்சு. காது கேக்காத புள்ளைக்கு கவர்மெண்ட் சம்பளம் வந்தா யாருதான் அழ மாட்டாங்க?

எனக்கும் ஒரு காலத்துல அந்த மாதிரி ஆள் வந்தாங்க தம்பி. இருவத்திரெண்டு வயசுல. அன்னிக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சு, கிரவுண்டுக்கே போவல. அதோட சரி. இத்த எழுத வேணாம்.

எங்க கிளப்புல ஒரு பழக்கம் இருக்குது. ஜெர்சி நம்பர ஒருத்தன்கிட்டேருந்து இன்னொருத்தன் புடுங்கக்கூடாது. கோச்சே ஆனாலும் கேக்கக்கூடாது. போட்டுகினு இருந்தவனா ஒரு நாளு மேட்ச் முடிஞ்சதும் கிரவுண்டுல வச்சுக் கழட்டி அடுத்தவன் கைல குடுக்கணும். எனக்கு முன்னாடி அஞ்சாம் நம்பர் போட்டிருந்த முரசு அண்ணன் அப்டித்தான் எனக்குக் குடுத்தாரு. அதனாலதான் என் எடத்துல நின்ன யாசின் ஆறு மேட்ச்சும் பதினஞ்சாம் நம்பர்ல ஆடுனான். அஞ்சு என் வூட்ல இருந்துச்சு. நான் குடுக்கல. குடுக்கணும்னு யாரும் சொல்லவுமில்ல.

ஏழாவது மேட்ச் அன்னிக்கு நான் அத்தப் போட்டுகினு போனேன்.

யார்கிட்டயும் நான் கேக்கல தம்பி. இத்த நல்லாப் புரிஞ்சுக்கோ. என்ன ஆட விடுங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா என் நாக்கு அழுவிப்போவட்டும். மேல சட்டை போட்டிருந்தேன், உள்ள ஜெர்சி. கிரவுண்டு வந்ததும் சட்டையக் கழட்டுனேன். அவ்ளோதான். தணிகா அண்ணன் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"எபி, இன்னாடா இது?"

"பெரிய மேட்ச்சுண்ணே. ஆபீஸ்காரங்க வராங்க. பின்னாடி ஒரு அனுபவஸ்தன் இல்லன்னா பசங்க டென்ஷனாயிடுவானுங்க."

"முட்டி?"

"ஊசி போட்டுகினு வந்துட்டேன்."

அவரால தடுக்க முடியாது, அஞ்சாம் நம்பரப் போட்டுகினு வந்து நிக்கறவன வெளிய உக்காருன்னு சொன்ன கோச்சு எங்க கிளப்புல இதுவரைக்கும் இல்ல. அப்பறம், "யாசினு, நீ உக்காருடா கண்ணு"ன்னாரு. அந்தப் பையன் ஷூ லேஸக் கழட்டிகினே உக்காந்துட்டான். டில்லி என்னப் பாத்து கட்டவெரலத் தூக்கிக் காட்டுனான். சந்தோஷமாதான் இருந்தான். என்னோட ஆடணும்னு அவனுக்குச் சின்ன வயசுலேருந்து ஆசை.

ஊசியப் பத்திச் சொல்றேன். நல்ல ஊசி. வலியே இல்ல. ஆனா கால் இருக்கறதே தெரியாது. கீழ குனிஞ்சு பாத்தாதான் இது நம்ம காலு, தோ தரைல இருக்குதுன்னு தெரியும்.

ஆட்டம் நல்லாதான் போச்சு. எம்பதாவது நிமிஷம் வரைக்கும் பூஜ்யம் பூஜ்யம். மூணு தடவ கீப்பர் காப்பாத்துனான், அது அவன் வேல. ஆபீஸ்காரங்க மூணு பேரு, வெள்ளத் தொப்பி போட்டுகினு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாங்க. என் பொண்ணு ஷெரினும் வந்திருந்தா, பத்தாவது படிக்கறா. என் மேட்ச்னா மொபைல்ல எடுப்பா, சின்னதுலேருந்தே பழக்கம்.

எம்பத்தி ரெண்டாவது நிமிஷம். அவங்க ஆளு நடுவுல பந்த வாங்கித் திரும்புனான். முன்னாடி அவங்க ஃபார்வர்டு ஒருத்தன், என் தோள ஒட்டி நின்னுகினு இருந்தான். டில்லி கை தூக்கிட்டான். ரீகன், சரத், டில்லி மூணு பேரும் ஏறிட்டானுங்க. எனக்கு அது தப்புன்னு பட்டுச்சு. அனுபவம்ல? நான் "நில்லு"ன்னு கத்துனேன். கத்தி இன்னா பண்றது, அவனுக்குத்தான் காது கேக்காதே. பந்து வந்துச்சு, ஃபார்வர்டு எடுத்தான், கொடி போவல, கோலு.

ஒண்ணு பூஜ்யம்.

அப்ப கொஞ்சம் கோவம் வந்துடுச்சு. அத்த மறைக்க மாட்டேன். திரும்பி டில்லியப் பாத்து, என் காதப் புடிச்சுக் காட்டி, "கத்துனது கேக்கலையாடா? செவிடா?"ன்னுட்டேன். அவன் செவிடுதான், அது வேற விஷயம். கிரவுண்டு மொத்தம் கேட்டுச்சு. நான்தான் சொன்னேனே, ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்குற கொரலு. ஒரு பக்கம் சிரிப்பு. தொப்பிக்காரங்க தலையத் தலைய ஆட்டிகினாங்க, ஒருத்தரு பேப்பர்ல ஏதோ எழுதுனாரு. டில்லி ஒண்ணும் புரியாம நின்னான். அப்பறம் புரிஞ்சுது, தலையக் குனிஞ்சுகினான்.

மேட்ச் முடிஞ்சதும் தணிகா அண்ணன் ஒவ்வொருத்தனாக் கூப்ட்டு விசாரிச்சாரு. "ரீகன், எபி கத்துனது உனக்குக் கேட்டுச்சா?" ரீகன், "ஒண்ணும் கேக்கலண்ணே"ன்னான். அவன் டில்லிக்கு ஃபிரெண்டு, அப்டித்தான் சொல்வான். சரத்தும் கேக்கலன்னான். அவனுங்களுக்கு ஆட்டத்துல காதத் தொறந்து வச்சுக்கற பழக்கமே இல்ல, டில்லி கூட ஆடி ஆடி.

அண்ணன் மனசு ஆறல. ரெண்டு நாளு கழிச்சு இங்க, இதே எடத்துல வந்து நின்னாரு. "எபி, டில்லி அப்டி மிஸ் பண்ற ஆளு இல்லடா. ஆபீஸ்ல, காது கேக்காத பையன் பெரிய மேட்ச்சுல ரிஸ்க்குன்றாங்க. வெள்ளிக்கிழம லிஸ்ட் போடறாங்க. எவன்கிட்டயாவது வீடியோ இருந்தா நான் எடுத்துகினு போயிப் பேசுவேன். ஷெரின் எடுக்குமே, அன்னிக்கு எடுக்கல?"

"அன்னிக்கு மொபைல்ல சார்ஜ் இல்லண்ணே"ன்னேன்.

அது முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது. சார்ஜ் கம்மியாதான் இருந்துச்சு. இருவது பர்சென்ட்டுதான் இருந்துச்சுன்னு ஷெரினே சொன்னா.

வீடியோ இருந்துச்சு. ஷெரின் மேட்ச் அன்னிக்கு சாயங்காலமே என்கிட்ட காட்டிட்டா. கைல குடுத்துட்டு நின்னா. நான் பாத்தேன். மொபைல் வீடியோ எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? கோணல் மாணலா எடுத்தா யாரு எங்க நிக்கறான்னே தெரியாது. அதுல மூணு பேரும் ஒரே கோட்டுல இருக்கானுங்க, நான் ரெண்டடி பின்னாடி நிக்கற மாதிரி தெரியுது. நான் ஏறல, நான் நின்ன எடத்துக்கு ஃபார்வர்டு நேரா இருந்ததாலதான் கொடி போவலன்னு பாக்கறவன் சொல்வான். எனக்கு என்னவோ நானும் ஏறுன ஞாபகம். ஏறணும்னு கால்கிட்ட சொன்னேன். நில்லுன்னும் கத்துனேன். ரெண்டும் எப்டின்னு கேக்காத, ஆட்டத்துல ஒரு செகண்டுல ஆயிரம் நடக்கும்.

சத்தமும் சரியாப் பதிவாவல. அதான் ஆச்சரியம். காக்கா கத்தறது இருக்குது. சுண்டல்காரன் கூவறது இருக்குது. தூரத்துல கூட்ஸ் வண்டி போவுது, அது கூடத் தெளிவாக் கேக்குது. பக்கத்துல யாரோ ஒரு அம்மா புள்ளையத் திட்டுது, என்ன திட்டுதுன்னு கூடச் சொல்லிடலாம். என் கொரலு மட்டும் இல்ல. என் வாய் தொறந்து இருக்குது, நல்லாத் தெரியுது, நாக்கு வரைக்கும் தெரியுது. சத்தந்தான் இல்ல. நாப்பது தடவ பாத்திருப்பேன் தம்பி. இயர்ஃபோன் போட்டுப் பாத்தேன். ஹா, ஹான்னு மூச்சு வாங்கற மாதிரி ஏதோ கேக்குது, அது ஷெரின் மூச்சா இருக்கும்.

வியாழக்கிழம காலைல ஸ்கூலுக்குப் போவசொல்ல ஷெரின் கேட்டா, "அப்பா, இத்தத் தணிகா மாமாவுக்கு அனுப்பட்டா?"

"எதுக்கு? ஒண்ணும் தெரியல அதுல. அழிச்சுடு"ன்னேன்.

"டில்லி அண்ணனுக்கு வேல கெடைக்கும்ப்பா."

"அவனுக்கு இன்னாம்மா, காது கேக்காதவங்களுக்குன்னு தனிக் கோட்டாவே இருக்குது. இது இல்லன்னா அது. எனக்குத்தான் எந்தக் கோட்டாவும் இல்ல"ன்னேன்.

என் கண்ணு முன்னாடியே அழிச்சா. பையத் தூக்கிகினு போனா. அன்னிலேருந்து என்கூட சரியாப் பேசறதில்ல. சாப்பாடு வச்சா சாப்பாடு வச்சிருக்குன்னு செவுத்தப் பாத்துச் சொல்றா. பத்தாவதுல்ல, பப்ளிக் எக்ஸாம் டென்ஷன். வூட்ல என் சம்சாரமும் அதான் சொல்லுது. இல்ல, என் சம்சாரம் ஒண்ணும் சொல்லல, நான்தான் அப்டி நெனச்சுகினேன்.

வெள்ளிக்கிழம லிஸ்ட்டு வந்துச்சு. வேற கிளப்பு ஃபார்வர்டு ஒருத்தன், ஒரு கீப்பர். டில்லி பேரு இல்ல. அவங்க அம்மா மறுநாளு மார்க்கெட்டுக்கு வரலன்னாங்க. அதுக்கு மறுநாளு வந்துடுச்சு. மீனு வெட்டிகினுதான் இருக்குது.

எனக்கு ஒண்ணும் தோணல தம்பி. அதான் எனக்கே பேஜாரா இருக்குது. லிஸ்ட்டப் பத்திக் கேள்விப்பட்டப்போ இந்த வண்டில கேன் அடுக்கிகினு இருந்தேன். அடுக்கி முடிச்சேன். மூணாவது மாடி, நாலாவது மாடி, எல்லா வூட்டுக்கும் போட்டேன். சாயங்காலம் கூட்டு பொரியலோட சாப்ட்டேன். அழுவணும்னாலும் வரல, சந்தோஷப்படணும்னாலும் வரல. ஊசி போட்டது முட்டிலதான். ஆனா நெஞ்சுல கை வச்சுப் பாத்தாக்கூட வேற எவன் நெஞ்சோ மாதிரி இருக்குது.

யாரும் என்ன ஒண்ணும் சொல்லல. நான்தான் இப்பவும் ஸ்டாப்பர். தணிகா அண்ணன் என் மூஞ்சியப் பாத்துப் பேசறதக் கொறச்சுகினாரு, வயசாவுது அவருக்கும்.

அடுத்த வாரம் டில்லி வந்தான். காலைல, இதே நேரம். இப்ப அவன் ஒரு பைக் ஷோரூம்ல வண்டி தொடைக்கறான், போற வழில வந்தான். நான் தோள்ல கேன் வச்சுகினு மாடிப்படில கால் வைக்கறேன், பின்னாடிலேருந்து வந்து கேன வாங்கிகினான். நாலு மாடி. அவனே ஏறிப் போட்டுட்டு வந்தான். அப்பறம் இன்னும் ரெண்டு. வேணாண்டான்னு கை காட்டுனேன், கேக்கல. முடிச்சுட்டு வந்து இப்ப நீ உக்காந்திருக்கியே, அந்தக் கேன் மேல உக்காந்தான். ஃபோன எடுத்து ஏதோ அடிச்சான். ரொம்ப நேரம் அடிச்சான், அழிச்சான், திரும்ப அடிச்சான். என்கிட்ட நீட்டுனான்.

"அண்ணா சாரி. என்னாலதான் கோல் ஆச்சு. நீங்க கத்துனது எனக்குத் தெரியல. நான் உங்க பக்கம் திரும்பிப் பாத்திருக்கணும்."

படிச்சேன். அவன் மூஞ்சியப் பாத்தேன். உண்மையாதான் சொல்றான். அவன் முன்னாடி ஏறிட்டான்ல, பின்னாடி நான் எங்க நின்னேன்னு அவனுக்குத் தெரியாது. கத்துனாங்களா இல்லையான்னு அவனுக்கு எப்டித் தெரியும்? பொறந்ததுலேருந்து எல்லாரும் அவன்கிட்ட, கூப்ட்டேனே உனக்குத்தான் கேக்கலன்னு சொல்லிகினே இருக்காங்க. இதுவும் அப்டித்தான்னு நெனச்சுகினான்.

தோள்ல தட்டிக் குடுத்தேன். பரவால்ல, விடுன்னு கை காட்டுனேன். மன்னிச்சுட்டேன்னே வச்சுக்கோயேன்.

போயிடுவான்னு பாத்தேன், போவல. திரும்ப அடிச்சான்.

"அன்னிக்கு இன்னா கத்துனீங்க அண்ணா? சொல்லுங்க. இனிமே உங்க வாயப் பாத்து ஆடறேன்."

ஃபோன என் கைல குடுத்துட்டு ஒக்காந்திருக்கான். நான் எழுத்து அடிக்கற அந்தக் கட்டத்தப் பாத்துகினே இருந்தேன். உள்ள ஒரு கோடு வந்து வந்து போவுது, அடி அடின்ற மாதிரி. இப்ப நீ ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா இதெல்லாம் நடந்தே இருக்காது, இல்ல? சும்மா சொன்னேன், உன்னச் சொல்லி இன்னா. வெரலு தானாப் போச்சு. "நில்லு"ன்னு அடிச்சேன்.

அவன் படிச்சான். வாயால சொல்லிக் காட்டுன்னு சைகை காட்டுனான். சொன்னேன். இன்னொரு தடவன்னான். சொன்னேன். என் ஒதட்ட அப்டியே உத்துப் பாத்தான், டாக்டரு பாக்கற மாதிரி. மூணாவது தடவ அவனும் கூடச் சேந்து ஒதட்ட அசச்சுப் பாத்துகினான். சிரிச்சான். கை குலுக்கிட்டு ஷோரூமுக்குப் போயிட்டான்.

அதுக்கப்பறம் மூணு மேட்ச்சு தம்பி, எட்டு கோலு. எல்லாரும் கேக்கறாங்க, இன்னா ஆச்சு அந்த லைனுக்கு, ஆறு மேட்ச் கல்லு மாதிரி நின்னுச்சே? நீயும் அதான கேட்ட? ரீகனும் சரத்தும் பழையபடி டில்லியத்தான் பாக்கறானுங்க. டில்லி கை தூக்கறதில்ல. பந்து எந்தப் பக்கம் இருந்தாலும் அவன் கண்ணு என் வாய் மேலயே இருக்குது. எனக்கும் முப்பத்தாறு வயசு, பாதி ஆட்டத்துக்கு மேல வாயாலதான் மூச்சு விட முடியுது. மூச்சு வாங்க நான் வாயத் தொறந்தாக்கூட, நில்லுன்னு நெனச்சுகினு அவன் அங்கயே நின்னுடறான்.